கண்ணீருக்குத் தடை!

வலி இல்லாத ஊசி தெரியும். வலி இல்லாத சோகப்பாட்டு தெரியுமா?

1989-ம் வருடம் துருக்கி அரசாங்கம் அப்படி ஒன்றைத் தயாரித்து வெளியிட்டது. விளையாட்டில்லை. கலாசார அமைச்சகமே முன்னின்று இசை மாநாடு கூட்டியது. அமைச்சர் தினாஸ் தித்திஸ் பேசினார். பேராசிரியர்கள் விவாதித்தார்கள். ஹக்கி புலுத் என்கிற பிரபலமான பாடகரை அழைத்து வந்தார்கள். எஸின் எங்கின் என்கிற இசைக் கலைஞரின் உதவியுடன் ஒரு பாட்டு தயாரானது. அதற்கு வைத்த பெயர்தான் விசேஷம். 'அஜிஸிஸ் அரபெஸ்க்.' தமிழில் சொன்னால், வலியற்ற அரபெஸ்க்.

ஜனங்கள் கேட்டார்கள். சிரித்தார்கள். மறந்தார்கள்.

உப்புப் போடாத கருவாட்டை யார் வாங்குவார்கள்?

ஒரு அரசாங்கம். ராணுவம், போலீஸ், பட்ஜெட், விலைவாசி என்று அதற்குத் தலைக்குமேல் வேலை கிடக்கிறது. பாட்டில் சோகம் எத்தனை ஸ்பூன் இருக்கவேண்டும் என்று அது ஏன் மெனக்கெட்டு அளந்துகொண்டிருந்தது? அதைத் தெரிந்துகொள்ள அறுபது வருடம் பின்னால் போகவேண்டும்.

1928, ஆகஸ்ட் 9. இஸ்தான்புல். குல்ஹானே பூங்காவின் முனையில், கடலைப் பார்த்தபடி இருக்கும் சராய்பர்னு. அன்று இரவு அங்கே ஒரு கேளிக்கை நிகழ்ச்சி. முஸ்தஃபா கெமால் வந்திருந்தார். பின்னாளில் அதாதுர்க், துருக்கியர்களின் தந்தை என்று பெயர் வாங்கியவர். உலக வரைபடத்திலிருந்து அழிந்துபோக இருந்த தேசத்தைச் சண்டைபோட்டு மீட்டவர். 1923-ல் குடியரசு. 1925-ல் தலையில் குல்லா போடத் தடை, தொப்பி கட்டாயம். அன்றிரவு அடுத்த அறிவிப்பு. இனி அரபி எழுத்து கிடையாது. துருக்கி மொழியை லத்தீன் எழுத்தில்தான் எழுதவேண்டும்.

எழுத்து விஷயம் எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இருக்கிறது. அதே இரவில் அவர் சொன்ன இன்னொரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அந்த மேடையில் எகிப்தியப் பாடகி ஒருவர் கிழக்கத்தியப் பாடல்களைப் பாடினார். மேற்கத்திய வாத்தியக் குழு ஒன்றும் வாசித்தது. இரண்டையும் கேட்ட கெமால், இந்தக் கிழக்கத்திய இசை துருக்கியனின் வளர்ந்த உள்ளத்துக்கு இனி போதாது என்கிற அர்த்தத்தில் பேசினார்.

எழுத்தை மாற்றலாம். ஸ்லேட்டும் சாக்பீஸும் போதும். காதை எப்படி மாற்றுவது?

மாற்றலாம் என்று அவர்கள் நம்பினார்கள். அதற்கு ஒரு தத்துவமும் கைவசம் இருந்தது. ஸியா கோகால்ப் என்கிற சிந்தனையாளர் 1923-லேயே எழுதி வைத்திருந்தார். ஆட்டோமன் அரண்மனை இசை நம்முடையது அல்ல, அது பைசாந்தியத்திலிருந்து வந்தது, நோய் பிடித்தது. நம்முடைய அசல் சங்கதி கிராமத்தில் இருக்கிறது. அந்த நாட்டுப்புறப் பாடல்களை எடு, மேற்கத்திய இசை இலக்கணத்தில் போடு, தேசிய இசை தயார்.

ஃபார்முலா என்னவோ சுலபமாகத்தான் இருந்தது. 1934 நவம்பரில் அதாதுர்க் நாடாளுமன்றத்தில் இசையைப் பற்றிப் பேசினார். அடுத்த சில நாள்களிலேயே வானொலியில் பாரம்பரியத் துருக்கி இசைக்குத் தடை விழுந்தது. கிட்டத்தட்ட இருபது மாதம். ஜெர்மனியிலிருந்து பால் ஹிண்டமித் வந்து இசைக் கல்லூரிக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். 1936-ல் ஹங்கேரியிலிருந்து பேலா பார்டோக் வந்து அனடோலியக் கிராமங்களில் பாட்டுச் சேகரித்தார். இரண்டு பேருமே உலக மகா மேதைகள். குறை சொல்லவே முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. பகலில் இப்படிச் சட்டம் போட்ட அதாதுர்க், இரவு விருந்துகளில் சஃபியே அய்லா போன்ற பாடகிகளை அழைத்து, அதே பழைய பாடல்களைப் பாடச் சொல்லிக் கேட்பார். தேசத்தின் காதுதான் மாறவேண்டும். தலைவரின் காது பழசாகவே இருக்கலாம்.

சரி, ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவை மூடிவிட்டு ஹிண்டமித்தைத் தேடிப் போனார்களா?

ம்ஹூம். ரேடியோவின் முள்ளைத் திருப்பினார்கள்.

துருக்கி வானொலி வாயை மூடிக்கொண்ட அதே 1934-ல்தான் கெய்ரோவில் எகிப்து அரசு வானொலி பிறந்தது. பாஷை புரியாது. புரிந்து என்ன ஆகவேண்டும்? குரல் புரிந்தது. 1938-ல் 'காதலின் கண்ணீர்' என்ற எகிப்தியப் படம் இஸ்தான்புல்லில் வெளியானது. முகம்மது அப்துல் வஹாப் பாடி நடித்தது. தியேட்டர் இருந்த ஷெஹ்ஸாதேபாஷி தெருவில் கூட்டம் தாங்கவில்லை. அரசாங்கம் சும்மா இருக்குமா? அரபி மொழிப் பாட்டு கூடாது என்றது. அதனாலென்ன, எகிப்தியப் படத்துக்குத் துருக்கி மொழியில் புதுப்பாட்டு போட்டார்கள். சாதெத்தின் கைனாக் போன்ற துருக்கி இசையமைப்பாளர்களுக்கு இதனால் கை நிறைய வேலை.

நான் படித்தது பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். தேவை இருக்கிற சரக்குக்குத் தடை போட்டால் தேவை சாகாது. சரக்கு வேறு வாசல் வழியாக வரும். துருக்கியில் அது கண்ணீராக வந்தது.

அந்தக் கண்ணீருக்கு ஒரு சொந்தக்காரன் தேவைப்பட்டான். அவனை அனுப்பி வைத்தது, நம்புங்கள், டிராக்டர்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவின் மார்ஷல் திட்டத்தில் துருக்கிக்கும் உதவி கிடைத்தது. 1948-ல் நாடு முழுக்க இரண்டாயிரத்துக்கும் குறைவான டிராக்டர்கள். 1955-ல் சுமார் 40 ஆயிரம். ஒரு டிராக்டர் வந்தால் பத்து பேருக்கு வேலை போச்சு. போனவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்தார்கள். 1950-ல் இஸ்தான்புல்லின் ஜனத்தொகை சுமார் 10 லட்சம். 1990-ல் அது 70 லட்சத்தைத் தாண்டியது.

வந்தவர்களுக்கு வீடு? புறம்போக்கு நிலத்தில் ராத்திரியோடு ராத்திரியாக நான்கு சுவர் எழுப்பிக் கூரை போட்டுவிடுவார்கள். விடிந்து அதிகாரி வரும்போது உள்ளே அடுப்பு எரியும். குழந்தை அழும். கூரை ஏறிவிட்ட வீட்டை இடிப்பது அவ்வளவு சுலபமில்லை. இதற்கு 'கெஜேகொண்டு' என்று பெயர். இரவில் வந்து உட்கார்ந்தது என்று அர்த்தம்.

வேலைக்குப் போக வண்டி? நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி அங்கே 'தொல்முஷ்'. பெயரின் அர்த்தமே நிரம்பியது என்பதுதான். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். அந்த வண்டிக்குள் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டர். அதில் ஓடியதுதான் நம் கதாநாயகன். ஆரம்பத்தில் அதைத் தொல்முஷ் இசை, மினிபஸ் இசை என்றுதான் நக்கலாகச் சொன்னார்கள். அரபெஸ்க் என்பதும் பாராட்டிக் கொடுத்த பட்டம் இல்லை. அரபுத்தனமானது, கலப்படம், மட்டம் என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

இந்தப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு வார்த்தைகளை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, 'கதெர்.' விதி. இன்னொன்று, 'குர்பெத்.' இதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் சிக்கவில்லை. சொந்த மண்ணில் இல்லாத நிலை என்று சொல்லலாம். பிழைக்கப் போன ஊர், அந்த ஊரில் நமக்கென்று யாருமில்லை என்கிற தவிப்பு, இரண்டும் சேர்ந்தது. 1961-ல் ஜெர்மனியுடன் ஒப்பந்தம் போட்டு லட்சக்கணக்கான துருக்கியர்கள் அங்கே தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். குர்பெத் இன்னும் நீண்டது. கோல்ன் நகரில் துர்க்குவோலா என்ற கம்பெனி அந்தத் தொழிலாளிகளுக்காகவே பாட்டு வெளியிட்டுச் சம்பாதித்தது.

இனி ஆளை அறிமுகம் செய்துவிடலாம். ஓர்ஹான் கென்ஜெபாய்.

1944-ல் கருங்கடலோர சாம்சுன் நகரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே மேற்கத்திய வயலின் கற்றவர். பாக்லாமா என்கிற நீளக் கழுத்து நரம்பு வாத்தியத்தில் சூரர். 1960-களில் அரசு வானொலியான டி.ஆர்.டி.யில் பாக்லாமா வாசிக்கத் தேர்வானார். சில மாதங்களில் வெளியே வந்துவிட்டார். 1960-களின் கடைசியில் ஒரு பாட்டு போட்டார். 'ஒரு ஆறுதல் கொடு' என்று பொருள்படும் தலைப்பு. தேசமே திரும்பிப் பார்த்தது. 1971-ல் லுத்ஃபி அகாத் அதே தலைப்பில் படம் எடுக்க, கென்ஜெபாயே ஹீரோ.

அப்படி என்னதான் செய்தார்? வரிசையாக வயலின்களை உட்காரவைத்தார். எல்லாம் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் இழுக்கும். பாடகன் ஒரு வரி பாடி நிறுத்துவான். உடனே வயலின்கள் பதில் சொல்லும். ஒருத்தன் அழ, ஊரே 'ஆமாம்ப்பா' என்று தலையாட்டுவது போலிருக்கும். நடுவே பாக்லாமா. கீழே தர்புகா தாளம். இதற்குள்ளேயே கிடார், எலெக்ட்ரிக் வாத்தியங்கள். மெட்டுகள் பெரும்பாலும் மேலே ஏறி நின்று, படிப்படியாக இறங்கும். பெருமூச்சு விடுவதுபோல. ஹிஜாஸ் என்று ஒரு மகாம், அவர்களுடைய ராகம், அடிக்கடி வரும். அதன் முதல் நான்கு ஸ்வரங்களைக் கேட்டால் நம்மவர்களுக்கு மாயாமாளவகௌளை ஏறக்குறைய ஞாபகம் வரும்.

கவனியுங்கள். நாட்டுப்புற வாத்தியம், பழைய மகாம், மேற்கத்திய வயலின், நவீன ஸ்டூடியோ. கோகால்ப் கேட்ட கலவைதானே இது? கிராமத்தானும் மேற்கும் சேர்ந்தாயிற்று. என்ன, அரசாங்கம் சொன்ன சமையல் குறிப்புப்படி செய்யாமல், பசித்தவன் தானாகவே சமைத்துக்கொண்டான். கென்ஜெபாய் கடைசிவரை அரபெஸ்க் என்ற பெயரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. நான் செய்வது சுதந்திரமான துருக்கி இசை என்றே சொல்லிவந்தார்.

ஆனால் டி.ஆர்.டி. கதவு திறக்கவில்லை. அங்கே ஒரு தணிக்கைக் குழு உண்டு. அரபெஸ்க் என்றால் நிராகரிப்பு. நாட்டில் இருந்த ஒரே டி.வி., ஒரே ரேடியோ நிறுவனம், நாடே கேட்டுக்கொண்டிருந்த பாட்டை ஒலிபரப்ப மறுத்தது. கென்ஜெபாய் 1972-ல் கெர்வான் என்று சொந்த ரெக்கார்டு கம்பெனி ஆரம்பித்தார். பின்னாலேயே கேஸட் வந்தது. அதற்கப்புறம் அரசாங்கத்தின் கையில் என்ன இருக்கிறது? கேஸட்டுக்கு லைசென்ஸா கேட்க முடியும்?

அடுத்தடுத்து வந்தார்கள். அதானாவிலிருந்து ஃபெர்தி தய்ஃபுர். உர்ஃபாவிலிருந்து இப்ராஹிம் தத்லிசெஸ், கட்டட வேலை பார்த்தவர். ஏன் படிக்கவில்லை என்ற கேள்விக்கு, உர்ஃபாவில் ஆக்ஸ்ஃபோர்டு இருந்து நாங்களா போகமாட்டேன் என்றோம் என்று அவர் திருப்பிக் கேட்டது துருக்கியில் பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. தென்கிழக்கு மாகாணங்களில் குர்து மக்கள் அதிகம். 1983 முதல் 1991 வரை குர்து மொழியில் பாட்டு வெளியிடவே சட்டம் இடம் தரவில்லை. சொந்த பாஷையில் பாட முடியாதவர்களும் துருக்கி மொழியில், அரபெஸ்க்கில் பாடினார்கள்.

பிறகு, முஸ்லும் குர்செஸ். ரசிகர்களுக்கு முஸ்லும் பாபா.

1953-ல் உர்ஃபா பக்கத்துக் கிராமத்தில் பிறப்பு. குடும்பம் பிழைப்பு தேடி அதானாவுக்கு நகர்ந்தது. அப்பா கையாலேயே அம்மாவும் தங்கையும் கொல்லப்பட்டார்கள். 1978-ல் கார் விபத்து. இறந்துவிட்டார் என்று நினைத்துப் பிணவறைவரை கொண்டுபோய்விட்டார்கள். உயிர் இருந்தது. தலையில் தகடு வைத்துத் தைத்தார்கள். இப்படிப்பட்டவன் மேடையேறி வலிக்கிறது என்று பாடினால் அதை நடிப்பு என்று யார் சொல்வார்கள்?

அவர் கச்சேரிகளில் இளைஞர்கள் சட்டையைக் கழற்றுவார்கள். பிளேடால் தங்கள் கையிலும் மார்பிலும் கிழித்துக்கொள்வார்கள். ரத்தம் வழிய வழியப் பாட்டுக் கேட்பார்கள். பத்திரிகைகள் பதறின. பார்த்தீர்களா, இதுதான் அரபெஸ்க், காட்டுமிராண்டித்தனம் என்றன. பதற்றம் நியாயமானதுதான். அந்தப் பையன்களுக்கு அத்தனை ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தவர்கள்தான் குறைவு.

அந்தக் கச்சேரிகள் நடந்த இடங்களில் முக்கியமான ஒன்று எது தெரியுமா?

குல்ஹானே பூங்கா. 1928-ல், கிழக்கத்திய இசை இனி போதாது என்று தேசத்தந்தை அறிவித்த அதே பூங்கா.

அரசாங்கத்துக்குத்தான் இது பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். இடதுசாரி அறிவுஜீவிகளுக்கும் ஆகவில்லை. விதி விதி என்று புலம்பினால் தொழிலாளி எப்படிப் புரட்சி செய்வான் என்பது அவர்கள் வாதம். தேசியவாதிகளுக்கு இது அரபுச் சரக்கு. மேல்தட்டுக்கு இது குடிசைச் சத்தம். கட்சி பேதமில்லாமல் எல்லோரும் ஒன்றுசேர்ந்து திட்டிய இசை உலகத்தில் வேறு இருக்குமா தெரியவில்லை. மார்ட்டின் ஸ்டோக்ஸ் என்கிற பிரிட்டிஷ் ஆய்வாளர் இந்தச் சண்டையைப் பற்றியே 1992-ல் 'அரபெஸ்க் விவாதம்' என்று தனிப் புத்தகம் எழுதினார்.

1980-ல் ராணுவப் புரட்சி. 1983-ல் துர்குத் ஒஸால் பிரதமர். ஓட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். குடிசைகளில். குடிசையின் பாட்டு எது என்றும் தெரியும். ஆகவே அரசியல்வாதிகள் அரபெஸ்க் நட்சத்திரங்களோடு கைகுலுக்கினார்கள். அரசு டி.வி.யோ இன்னும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது. இந்தத் திண்டாட்டத்தில் பிறந்த குழந்தைதான் ஆரம்பத்தில் பார்த்த வலியற்ற அரபெஸ்க். பாட்டும் வேண்டும், அழக்கூடாது. ஓட்டும் வேண்டும், ஏழை தெரியக்கூடாது.

அதே 1989. அரசாங்கம் வலியைப் பாட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்த வருடம். ஆகஸ்ட் 14-ம் தேதி, அதானா மாகாணத்தில் பொஸான்டி என்ற ஊரில், பெர்கென் என்ற பாடகி சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் முன்னாள் கணவன்.

1982-லேயே அவள் முகத்தில் ஆசிட் வீசச் செய்தவனும் அவன்தான். ஒரு கண் போனது. அந்தக் கண்ணைக் கூந்தலால் மறைத்துக்கொண்டு மேடையேறினாள். 1986-ல் வந்த அவள் ஆல்பத்தின் பெயர் 'துயரங்களின் பெண்.' விற்றுத் தீர்ந்தது. செத்தபோது வயது முப்பதை ஒட்டித்தான்.

அரபெஸ்க்கை நேசிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். ஆண்கள் பாடிய சோகத்தில், நீ எனக்குக் கிடைக்காவிட்டால் உலகமே அழியட்டும் என்கிற குரலும் உண்டு. கேட்க உருக்கமாக இருக்கும். அந்தக் குரல் பாட்டைவிட்டு இறங்கி வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு பெர்கென் சாட்சி. ஆனால் ஒன்று. அந்தக் கொடுமையைச் சகித்த பெண்களுக்கும் அழுவதற்குக் கிடைத்த குரல் பெர்கெனுடையதுதான். அவள் வாழ்க்கை 2022-ல் படமாக வந்தது. 50 லட்சம் பேருக்குமேல் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள்.

1990-ல் தனியார் டி.வி. வந்தது. தடை தானாகவே அர்த்தமிழந்தது. ஜனங்கள் கேட்பதைத்தானே விளம்பரதாரன் கேட்பான்? கெஜேகொண்டுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. குடிசைப் பையன்கள் சிலர் முதலாளிகள் ஆனார்கள். பாட்டை மட்டும் விடவில்லை. 1998-ல் கென்ஜெபாய்க்கு 'அரசுக் கலைஞர்' பட்டம். எந்த அரசு? அதே அரசுதான். 2006-ல் முஸ்லும் குர்செஸ், எழுத்தாளர் முராத்ஹான் முங்கனோடு சேர்ந்து ஓர் ஆல்பம் செய்தார். பாப் டிலன், டேவிட் போவி, லியனார்ட் கோஹன் என்று மேற்கத்திய மெட்டுகள். வார்த்தை துருக்கி. குரல் முஸ்லும் பாபா. தொல்முஷ் பாட்டென்று மூஞ்சியைச் சுளித்தவர்களின் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கினார்கள். 2010-ல்கூட பியானோ மேதை ஃபாஸில் சாய், நம் ஜனங்களின் அரபெஸ்க் மோகத்தைப் பார்த்து வெட்கப்படுகிறேன் என்கிற ரீதியில் எழுத, பெரிய ரகளை ஆனது. சண்டை அவ்வளவு சீக்கிரம் ஓய்வதாக இல்லை.

சரி, ஏன் இந்தப் பாட்டு சாகவில்லை?

பதில் ரொம்பச் சிக்கலானதில்லை என்று நினைக்கிறேன். துருக்கிக் குடியரசு தன் ஜனங்களுக்கு நிறையக் கொடுத்தது. எழுத்து, பள்ளிக்கூடம், பெண்களுக்கு ஓட்டு. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. முன்னேறிக்கொண்டிருக்கிற தேசத்தில் அழக்கூடாது. ஆனால் முன்னேற்றத்துக்காக நிலத்தை, ஊரை, உறவை விட்டுக்கொடுத்தவன் இருக்கிறானே, அவனுடைய நஷ்டக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது? லாபம் எல்லாம் அரசாங்க அறிக்கையில் ஏறிவிட்டது. நஷ்டம் மட்டும் பாட்டில் ஏறியது. அழுகிறவனை அழாதே என்று சொல்வதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குரல் சேர்த்து அழுவது பெரிய ஆறுதல். நாற்பது வயலின்கள் சேர்ந்து அழுதால்? அவன் அந்தக் கேஸட்டைத் தூக்கிப்போட மாட்டான்.

2013 மார்ச் 3. முஸ்லும் குர்செஸ் இறந்தார். மசூதித் தொழுகைக்கு முன்பு அவருடைய உடலை அஞ்சலிக்காக ஒரு கச்சேரி அரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். கூட்டம் நெருக்கியது. அழுகைச் சத்தம். அந்த அரங்கத்தின் பெயர் ஜெமால் ரெஷித் ரெய். யார் அவர்? புதிய குடியரசுக்குப் புதிய இசை செய்யப் புறப்பட்ட மேற்கத்திய பாணி மேதைகளில் ஒருவர். 1933-ல் குடியரசின் பத்தாவது ஆண்டு விழாவுக்கு அணிவகுப்பு கீதம் அமைத்தவர்.

அவர் பெயர் தாங்கிய மண்டபத்தில் முஸ்லும் பாபா படுத்திருந்தார். அன்றைக்கு அங்கே யாரும் யாரையும் அழாதே என்று சொல்லவில்லை.